வலக்கையும் நாதமும்

நரம்புக் கருவிகள் இரு திறத்தன. வில்லால் இழைக்கப்படுவன ஒரு திறம். விரலால் மீட்டப்படுவன மற்றொரு திறம். வில்லால் இழைக்கப்படும் பிடிலின்கண் ஓர் ஓசை பிறந்த பின்னரும் அதனை வளர்த்தலும் தேய்த்தலும் திருத்துதலும் வாசிப்போர் கையில் உள்ளன. விரலால் மீட்டப்படும் கருவியிலோ அவ்வுரிமை இல்லை. நரம்பு விரலைவிட்டு நீங்கும் நொடியிலேயே ஓசை பிறக்கின்றது. பிறந்த அந்நொடியிலேயே தேயவும் தொடங்குகின்றது. கையைவிட்டகன்ற கல்லை மீண்டும் பற்றித் திசைதிருப்புதல் எங்ஙனம் இயலாதோ, அங்ஙனமே மீட்டப்பட்ட ஓசையைப் பின்னர்த் திருத்துதலும் இயலாது. இடக்கை விரலை அசைத்து அவ்வோசையைச் சிறிது நடுங்கச் செய்யலாம், அவ்வளவே. ஆதலின் மீட்டும் கருவியின் நன்மை தீமை முழுவதும், விரல் நரம்பைத் தொட்டு விடுகின்ற அவ்வொரு கணத்தில் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

ஐரோப்பியரின் செவ்விசைக் கித்தாரை இவ்வகையில் எடுத்துக்கொண்டு, அதன் நாதம் வலக்கையின்கண் எவ்வாறு பிறக்கின்றது, அதனைக் கேட்டு நுகர்வது எவ்வாறு என்பவற்றைச் சில சொல்ல முற்படுகின்றோம். யாம் அக்கருவியை வாசிப்போர் வரிசையில் நிற்பேம் அல்லேம். கேட்போர் வரிசையில் நிற்கின்றோம். ஆயினும் இசை, வாசிப்போரால் மட்டும் நிறைவு பெறுவதன்று. செவியுடையார் ஒருவர் எதிரே இருந்த வழியே அது நிறைவு பெறும். அச்செவியின் பக்கம் நின்று பேசுதல் எமக்கும் உரியதே.

செவ்விசைக் கித்தார் ஆறு நரம்புகளை உடையது. இன்று வழங்கும் வடிவினை அதற்குப் பெரும்பாலும் வகுத்தளித்தவர், ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவிற் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) என்னும் கருவித் தச்சர் ஆவர். நரம்பின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். தடித்த ஆறாம் நரம்பு வெறுமையாய் மீட்டப்படுங்கால் நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய முதல் நரம்பு ஏறத்தாழ 330 முறையும் அதிர்கின்றன. அவ்வதிர்வினைக் குதிரை வாயிலாக ஏற்று நமக்கு ஓசையாக வழங்குவது மெல்லிய முகப்பலகையே. கருவியின் உயிர் முகப்பலகையில் உள்ளது என்பதனை நிறுவும்பொருட்டு, தோரெஸ் 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையாற் செய்து, முகத்துக்கு மட்டும் மரப்பலகை இட்டு ஒரு கித்தாரை இயற்றினார். நரம்புகளின் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. பண்டு மெல்லிய மூன்று நரம்புகளும் விலங்கின் குடரினின்று திரிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குடர் நரம்பு அரிதாயினமையின், நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பார் 1940களில் நைலான் இழையால் நரம்பு செய்யத் தலைப்பட்டார். பின்னர் அதுவே யாண்டும் வழக்காயிற்று.

இனி, இரு கைகளின் தொழிலை நோக்குவோம். இடக்கை நரம்பை மெட்டின்மேல் அழுத்தி, இன்ன சுரம் ஒலிக்க என்று தெரிந்து கொடுக்கின்றது. அச்சுரத்தை எப்பொழுது, எத்துணை வலிவுடன், எத்தகைய வண்ணத்துடன் ஒலிப்பிப்பது என்பதை வலக்கையே முடிவு செய்கின்றது. அரங்கில் அமர்ந்திருப்போர் கண்களோ பெரும்பாலும் இடக்கையின் மேலேயே செல்கின்றன. அது தண்டியின்மீது மேலும் கீழும் ஓடுகின்றது, விரல்கள் சிலந்திபோல் விரிந்து குவிகின்றன, விரைவு தோன்றுகின்றது, கைதட்டும் எழுகின்றது. வலக்கையோ ஒலித்துளையின் அருகே ஏறத்தாழ அசையாதிருப்பது போலத் தோன்றுகின்றது. அதன் தொழில் விரலின் நுனியிலே, ஓரிரு மில்லிமீட்டர் எல்லைக்குள்ளே நிகழ்வதாகலின் கண்ணுக்குப் புலனாவதில்லை. செவிக்கே புலனாகும்.

தமிழ் பயில்வார்க்கு இது விளங்குதற்கு ஓர் எளிய வழி உண்டு. தொல்காப்பியனார் பிறப்பியல் என்று ஓர் இயலை வகுத்து, எழுத்துக்கள் ஒவ்வொன்றும் நாவும் பல்லும் இதழும் அண்ணமும் எவ்வெவ்வாறு பொருந்துதலாற் பிறக்கின்றன என்று கூறினார். லகர ளகர ழகரங்கள் மூன்றுக்கும் எழும் காற்று ஒன்றே; நா சென்று பொருந்தும் இடமும் முறையும் சிறிதே வேறுபடுகின்றன. அச்சிறு வேறுபாட்டில் சொல்லே மாறிவிடுகின்றது. கித்தாரின் இடக்கை எழுத்தைத் தெரிந்தெடுக்கும் அறிவு போல்வது. வலக்கை அதனைப் பிறப்பிக்கும் நா போல்வது. இந்நாவின் பயிற்சி இல்லாதான் ஒருவன் எத்துணை நல்ல செய்யுளைக் கற்றிருந்தும், அவன் வாயிற் கேட்பார்க்கு அது செய்யுளாகத் தோன்றாது.

வலக்கை நரம்பைத் தொடும் இடம் முதலில் ஆராயத்தக்கது. ஒரு நரம்பு அதிருங்கால் முழு நீளமாய் மட்டும் அதிர்வதில்லை. அதே பொழுதில் இரு பாதிகளாகவும், மூன்று பகுதிகளாகவும், நான்கு பகுதிகளாகவும், அதற்கு மேலும் பிரிந்து அதிர்கின்றது. முழு நீளத்தின் அதிர்வு அடிப்படைச் சுரம். ஏனைய அதனோடு கலந்தொலிக்கும் மேற்சுரங்கள். இக்கலவையின் அளவே நாதத்தின் வண்ணம் என்பது. விரல் எவ்விடத்தில் நரம்பை இழுத்து விடுகின்றதோ அவ்விடம் அசையாதிருத்தல் கூடாது. ஆகவே அவ்விடத்தை அசையா இடமாகக் கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா. நரம்பின் நட்டநடுவே மீட்டினால் இரண்டு, நான்கு, ஆறு என்னும் இரட்டை மேற்சுரங்கள் ஒழிந்து, உருண்டு திரண்ட ஒரு மெல்லோசை எழும். கையைக் குதிரையின் அருகே கொண்டு செல்லச் செல்ல, உயர்ந்த மேற்சுரங்கள் மிகுந்து, ஓசை கூர்மையும் வெண்கலத் தன்மையும் பெறும். இவ்விரு எல்லைகட்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சாணுக்குச் சிறிது மிகும். அதனுள்ளே வாசிப்போர்க்கு ஒரு வண்ணப் பேழையே வைக்கப்பட்டுள்ளது.

அடுத்து, தொடும் முறை. விரல் நரம்பை மீட்டிவிட்டு அடுத்த நரம்பின்மேற் சென்று சாய்ந்து நிற்பது ஒரு முறை. இதனை ஸ்பானியர் அப்போயாந்தோ என்பர். யாம் சார்ந்து மீட்டல் என்போம். மீட்டிய விரல் எதனையும் சாராது உள்ளங்கை நோக்கி மீள்வது மற்றொரு முறை. அவர் இதனைத் திராந்தோ என்பர். யாம் விடுத்து மீட்டல் என்போம். சார்ந்து மீட்டுங்கால் நரம்பு முகப்பலகையை நோக்கி உள்ளே அமிழ்த்தப்பட்டு விடப்படுகின்றது. ஆகவே பலகை வலிவாக அசைந்து, ஓசை தடித்தும் நிறைந்தும் எழுகின்றது. விடுத்து மீட்டல் பல நரம்புகள் ஒருங்கே ஒலித்தற்கு இன்றியமையாதது. ஆயின் விரல் நரம்பை மேல்நோக்கிப் பறித்தெடுக்குமாயின் ஓசை மெலிந்து போகும். தேர்ந்தார் விடுத்து மீட்டும்பொழுதும் முதலில் நரம்பைச் சிறிது உள்ளே அழுத்திப் பின்னரே விடுப்பர். அவ்வழுத்தத்தைக் கண்ணாற் காணல் அரிது. ஆயின் அஃதுள்ள ஓசைக்கும் அஃதில்லாத ஓசைக்கும் இடையேயுள்ள வேற்றுமையைச் செவி ஒருமுறை அறிந்துகொண்டால் பின் மறவாது.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்னும் நான்கே பொதுவாக இத்தொழிற்கு வருவன. அவை நீளத்திலும் வலிமையிலும் ஒன்றற்கொன்று ஒவ்வாதவை. ஆயினும் அவற்றினின்று பிறக்கும் ஓசைகள் ஒத்திருத்தல் வேண்டும். இத்தாலியரான மௌரோ ஜூலியானி (1781-1829) தமது முதற் படைப்பெண் இட்ட நூலில் வலக்கைக்கென 120 பயிற்சிகளை வகுத்தார். அவற்றின் சிறப்பு என்னையெனின், அந்த 120-இலும் இடக்கைக்கு இரண்டே சுரக்கூட்டுக்கள் அன்றி வேறு வேலையில்லை என்பதே. இடக்கையை ஓரிடத்தில் அமர்த்திவிட்டு, வலக்கையை மட்டும் 120 வழிகளில் பேசப் பழக்குகின்றார் அவ்வாசிரியர். வலக்கையின் கல்வி தனிக் கல்வி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் இசைநூலின் செய்தியாக மட்டும் எமக்கு நின்றிருக்கும். எம் தமக்கையாரால் அஃது எம் வீட்டுச் செய்தியும் ஆயிற்று. அவர் ஒரு மருத்துவமனையிற் செவிலியர். பள்ளி நாள் தொட்டுக் கித்தார் பயின்றவர். பணியில் அமர்ந்த பின்னர், ஊரிலுள்ள ஓர் இசையாசிரியரிடம் செவ்விசை முறையைக் கற்கச் சென்றார். அவ்வாசிரியர் வலக்கை விரல்களை நோக்கிய அளவிலே, நகம் வளர்க்காதார்க்குச் செவ்விசைக் கித்தார் இல்லை என்று கூறி அனுப்பிவிட்டார். செவிலியர் நகம் வளர்த்தல் ஆகாது. நகத்தின் அடியிலே தங்கும் நோய்க்கிருமி ஒரு கையினின்று மற்றோர் உடலுக்குச் செல்லும்; குறுக வெட்டிய நகமே நோயாளிக்குக் காவல். தமக்கையார் வீடு திரும்பிக் கருவியைப் பெட்டியுள் வைத்து மூடினார். யாம் காரணம் வினவியபோது, "தம்பி, நோயுற்றாரைத் தொடும் விரலுக்கு நகம் ஆகாது, நகமில்லாத விரலுக்கு நரம்பு இசையாதாம். இரண்டில் ஒன்றைத்தான் விடமுடியும்; எதை விடுவது என்பதில் எனக்கு ஐயம் இல்லை," என்றார். ஆறு திங்கள் அப்பெட்டி திறக்கப்படவில்லை.

அவர் சொல்லில் வருத்தம் தோன்றவில்லை. எமக்கே பொறுக்கவில்லை. நகம் இன்றி நல்ல நாதம் இல்லை என்பது மெய்தானா என்று அறியப் புகுந்தோம். புகுந்து கண்டது, அவ்வினா இரு நூற்றாண்டுகளாக இக்கருவியோடு உடன் வளர்ந்து வருவது என்பதே.

பார்சலோனாவிற் பிறந்து பாரிசில் மறைந்த பெர்னாண்டோ சோர் (1778-1839) கித்தார் இலக்கியத்தின் தூண்களுள் ஒருவர். அவர் நகம் இன்றி விரற்சதையாலேயே மீட்டினார். 1830-இல் வெளியிட்ட தம் பயிற்சி நூலில், நகத்தால் மீட்டுவார் வாசிப்பு தமக்குப் பொறுக்கத்தக்கதாய் இருந்ததில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். ஒருவரை மட்டும் விலக்காக எடுத்து மொழிந்தார். அவ்வொருவர் டியோனிசியோ அகுவாடோ (1784-1849). அவரும் ஸ்பானியரே, நகத்தால் மீட்டுவதில் வல்லவர், விரைவும் தெளிவும் அதனால் எய்தலாம் என்பது அவர் கொள்கை. கொள்கையால் மாறுபட்ட இவ்விருவரும் பாரிசில் நண்பராய் வாழ்ந்தனர், ஒருங்கே வாசித்தனர். இருவர் சேர்ந்து வாசித்தற்கென்று சோர் இயற்றி அகுவாடோவுக்கு உரிமை செய்த படைப்பு ஒன்றுண்டு. அதற்கு 'இரு நண்பர்கள்' என்பதே பெயர். சதையும் நகமும் ஒரே பாட்டில் உடனமர்ந்து ஒலித்தன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. புலமையிற் பகைகொள்ளாது மாறுபடலாம் என்பதற்கும் அஃதோர் எடுத்துக்காட்டு.

சோருக்குப் பின் வந்தவருள் தலைசிறந்தவர் பிரான்சிஸ்கோ தாரேகா (1852-1909). அவர் பல்லாண்டு நகத்தால் மீட்டிப் புகழ் பெற்றவர்; தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நகத்தை நீக்கிவிட்டுச் சதைக்கே திரும்பினார். அவர் மாணவருள் எமிலியோ பூஹோல் (1886-1980) ஆசிரியரின் இம்முடிவைப் பின்பற்றி, நகமா சதையா என்னும் இச்சிக்கலை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். மற்றொரு மாணவர் மிகுவேல் யோபெத் (1878-1938) நகத்தையே கைக்கொண்டார். ஓர் ஆசிரியரின் இரு மாணவர் இரு வழிச் சென்றனர். பின்னர் ஆந்த்ரேஸ் செகோவியா (1893-1987) தோன்றி, முதலிற் சதை தொட, பின் நகம் விடுக்கும் முறையால் இரண்டின் நலத்தையும் கூட்டி, உலகின் பேரரங்குகளிலெல்லாம் ஒலிபெருக்கி இன்றியே இக்கருவியைக் கேட்பித்தார். 1935-இல் பாரிசில் பாக்கின் புகழ்பெற்ற 'சக்கோன்' என்னும் பிடில் இசையை அவர் கித்தாரில் அரங்கேற்றினார். அத்தகைய பெரும் படைப்பையும் ஆறு நரம்புகள் தாங்கும் என்பதை அன்று உலகம் அறிந்தது. அவர் புகழால் நகமும் சதையும் கலந்த முறையே இன்று பெருவழக்காயிற்று. பெருவழக்கு ஆனமையின், அதுவே ஒரே வழி என்று கருதுவாரும் உளராயினர்.

காரணமும் விளங்கக் கூடியதே. சதை அகன்றது, மென்மையானது. அது நரம்பின் சிறிது நீளத்தைத் தழுவி விடுகின்றது. ஆகவே உயர்ந்த மேற்சுரங்கள் அடங்கி, ஓசை கனிந்து, வெம்மையுடன் ஒலிக்கின்றது. நகம் குறுகியது, கடியது. அது நரம்பை ஒரு புள்ளியில் விடுக்கின்றது. ஆகவே மேற்சுரங்கள் மிகுந்து, ஓசை ஒளிர்ந்து, தொலைவு செல்கின்றது. ஒன்று குறையும் மற்றொன்று நிறையும் அல்ல. இரண்டும் இருவேறு குணங்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்துத் தமக்கையார்க்கு ஒரு கடிதம் எழுதினோம். சோர் இயற்றிய முப்பத்தைந்தாம் படைப்பில் இருபத்திரண்டாவதாக நிற்கும் பயிற்சி இசையையும் குறித்தோம். அஃது இன்று உலகெங்கும் நகமுடையார் வாசிக்கும் ஒன்று. ஆயின் நகமற்ற விரல்களிலே பிறந்தது. அடுத்த விடுமுறையில் யாம் வீடு சென்றபோது பெட்டி திறந்திருந்தது. இரவுப் பணி இல்லாத நாட்களில் அவர் அப்பயிற்சியையே வாசித்து வருகின்றார். அதில் மேல்நின்று செல்லும் மெட்டினை உயர்ந்த நரம்புகள் பாட, மற்றவை அதன் கீழே அலைபோல் இயங்கவேண்டும். சதையால் மீட்டுவார்க்கு நகத்தின் ஒளி துணைநில்லாமையின், விரல் நரம்பை முன்னரே சென்று பற்றி, அழுத்தி, அதன் பின்னரே விடுத்தல் வேண்டும். இதனை அவர் நாள்தோறும் மெல்ல மெல்லப் பழகினார். இப்பொழுது எம் வீட்டுச் சிறு கூடத்தில் அவர் ஓசை நிறைந்து நிற்கின்றது. கிறிஸ்து பிறப்புத் திருநாளில் கோயிலினுள் வாசித்தபோது பின்வரிசைக்கு அது சென்றெட்டவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. சதையின் ஓசை சிறிய இடத்துக்கு உரியது. பெரிய மண்டபத்தில் அது தோற்கும். அதனை அவரும் அறிவர். "கூடம் போதும், தம்பி," என்றார்.

நகத்தைப் பயன்படுத்துவாருள்ளும் ஒரே விதி இல்லை. பெரும்பாலார் நகத்தின் இடப்பக்கத்தால் நரம்பைத் தொடுவர். பிரான்சு நாட்டு ஈதா பிரெஸ்தி (1924-1967) என்னும் அம்மையாரோ வலப்பக்கத்தாற் றொட்டார்; தம் கணவர் அலெக்சாந்தர் லகோயாவுடன் சேர்ந்து அவர் வாசித்த இருவர் இசை இன்றும் அளவுகோலாக எண்ணப்படுகின்றது. நகம், சதை, இடப்பக்கம், வலப்பக்கம் என்னும் இவையெல்லாம் வழிகளே. சென்று சேரவேண்டிய இடம், வாசிப்போர் தம் அகச்செவியில் முன்னரே கேட்கும் ஒரு நாதம். அதனைக் கேளாதார்க்கு நகமும் உதவாது. கேட்டார்க்கு விரல் தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

இனி, கேட்கும் நமது கடமை என்ன? முதலாவது, ஒவ்வோர் ஓசையின் தொடக்கத்தையும் உற்றுக் கேட்டல். அங்கே 'டிக்' என்னும் கீறல் உண்டா, அன்றி ஓசை தூய்மையாய் எழுகின்றதா என்று நோக்குக. இரண்டாவது, பல ஓசைகள் ஒருங்கே ஒலிக்குங்கால் மெட்டு மேலெழுந்து நிற்கின்றதா என்று நோக்குக. மூன்றாவது, ஒரே தொடர் இருமுறை வருமிடத்து, இரண்டாம் முறை வண்ணம் மாறுகின்றதா, மாறுமாயின் காரணத்தோடு மாறுகின்றதா என்று நோக்குக. நான்காவது, ஓசைகள் எவ்வாறு முடிகின்றன என்று நோக்குக. சுரம் மாறிய பின்னரும் பழைய அடிநரம்பு அதிர்ந்துகொண்டிருப்பின் இசை கலங்கும். நல்ல வலக்கை அதனைத் தொட்டு அடக்கிவிடும். ஒலிப்பித்தல் போலவே ஒலியடக்கலும் அக்கையின் தொழிலே.

இப்பழக்கத்துக்கு ஏற்ற இசை தாரேகாவின் 'அல்ஹாம்பிரா நினைவுகள்'. இதில் பெருவிரல் கீழ்ச்சுரங்களை நடத்திச் செல்ல, மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் மெட்டின் சுரத்தை விரைந்து மீட்டுகின்றன. இதற்குத் திரெமோலோ என்று பெயர். இது தேய்ந்துபோகும் ஓசையை உடைய கருவி, தேயாத ஒரு நீண்ட குரலைப் பெற்றது போன்றதொரு மயக்கத்தைத் தருவது. மூன்று விரல்களின் ஓசையும் இடைவெளியும் ஒத்திருந்தால் நாம் கேட்பது ஒரு பாடல். ஒரு விரல் தடித்தோ பிந்தியோ ஒலித்தால் நாம் கேட்பது குதிரைக் குளம்படி. விரைவாக வாசித்தார் என்று மெச்சுவதினும் ஒப்ப வாசித்தார் என்று மெச்சுவதே இவ்விடத்துப் பொருந்தும்.

ஆங்கில நாட்டு ஜூலியன் பிரீம் (1933-2020) வாசிக்கும் படங்களைக் காண்பார்க்கு, அவர் வலக்கை குதிரையருகே செல்வதும், ஒலித்துளை கடந்து மெட்டுகளை நோக்கி வருவதும், ஒவ்வொரு தொடர்க்கும் இடம் தேடுவதும் புலனாகும். 1941-இல் ஆஸ்திரேலியாவிற் பிறந்த ஜான் வில்லியம்ஸ் என்பாரின் வாசிப்போ, ஓசைகள் முத்துக்கோவை போல் ஒத்துத் தெளிந்து ஒழுகுதற்குப் பெயர்பெற்றது. 1970களில் இருவரும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவுகள் உள. அவற்றைக் கண்மூடிக் கேட்டு, இப்பொழுது ஒலிப்பது யார் கை என்று நாதத்தால் மட்டும் தெரிந்துகொள்ள முயலுதல் யாம் கண்ட சிறந்த செவிப்பயிற்சி. பிரேசில் நாட்டு எய்த்தோர் வில்லா-லோபோஸ் (1887-1959) இயற்றிச் செகோவியாவுக்கு உரிமை செய்த பன்னிரண்டு பயிற்சிகளுள் முதலாவதும் இவ்வகையில் உதவும். அதில் வலக்கையின் ஒரே விரல்முறை தொடர்ந்து வருகின்றது; பெரும்பாலும் ஒவ்வோர் அளவும் மறுபடியும் வாசிக்கப்படுகின்றது. அம்மறுமுறையை வாசிப்போர் என் செய்கின்றார் என்பதே அவர் நாத உணர்வுக்குச் சோதனை.

இவ்வாறு கையின் தொழிலைக் கேட்டு நுகர்தல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் மீட்டும் இடத்தே, வார்தல், உந்தல், உருட்டல், அள்ளல் முதலாக எட்டு இசைக்கரணங்கள் பெயர் சுட்டப்படுகின்றன. வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்று உரை விளக்குகின்றது. விரலின் ஒவ்வொரு செயற்கும் தனித்தனிப் பெயரிட்ட மக்கள், அவற்றின் ஓசை வேற்றுமையைச் செவியால் உணர்ந்தவராய் இருந்திருத்தல் வேண்டும். கேட்கப்படாத ஒன்றுக்கு எவரும் பெயரிடார். அந்த யாழ் வழக்கொழிந்து போயிற்று. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளிவந்த தம் யாழ் நூலில் அதன் உருவையும் இசையையும் மீட்டு ஆராய்ந்தார். நம் மறைநூலிலும், சவுல் அரசன் கலங்கியபோது தாவீது சுரமண்டலம் வாசித்து அவனைத் தேற்றிய செய்தி கூறுமிடத்து, கை என்னும் சொல் குறிக்கப்பெற்றுள்ளது. அரசனுக்கு ஆறுதல் நல்கியது நரம்பு மட்டும் அன்று. நரம்பைத் தொடும் வகை அறிந்த கையும் ஆகும்.

ஆதலின் எம் கல்லூரித் தோழர்க்கு யாம் கூறவிரும்புவது இது. விரைவு வியப்பைத் தரும். நாதம் நிறைவைத் தரும். வியப்பு அரங்கிலேயே தங்கிவிடும். நிறைவு நம்முடன் வீடு வரும். அடுத்தமுறை கித்தார் வாசிப்பார் ஒருவர் எதிரே நீவிர் அமர நேரின், ஓடும் இடக்கையைச் சிறிது மறந்து, ஓய்ந்திருப்பது போன்ற வலக்கையிற் செவியை வையுங்கள். அவர் விரலில் நகம் உண்டா இல்லையா என்று முன்னரே தீர்ப்புரையாதிருங்கள். ஓசை வந்து சொல்லட்டும். கடைசிச் சுரம் மீட்டப்பட்டவுடன் கைதட்ட விரையாதீர்கள். அது தேய்ந்து தேய்ந்து முடியும்வரை அவ்விரலின் தொழில் முடிவதில்லை. கேட்போர் தொழிலும் முடிவதில்லை.